ஸ்டூவர்ட் பரோஸ்: முப்பது வயசுல மேடை ஏறின வெல்ஷ் டெனர்

ஓபராங்கிற பாட்டு நாடகத்துல டெனர்னு, அதாவது ஆம்பளைக் குரல்ல உசந்த குரல்னு சொன்னா பாதிப் பேருக்கு பவரோட்டி முகம் ஞாபகம் வரும், மீதிப் பேருக்கு டொமிங்கோ. அதே 1970கள்ல, பவரோட்டி பாடின அதே டெக்கா ரிக்கார்டு கம்பெனிக்கே பாடி, சோல்டி, பெர்ன்ஸ்டைன், காலின் டேவிஸ்னு ஆர்கெஸ்ட்ராவ நடத்தற பெரிய பெரிய கண்டக்டர்கள்கிட்ட வேலை பார்த்து, லண்டன், வியன்னா, நியூயார்க்னு எல்லா மேடையும் ஏறின ஸ்டூவர்ட் பரோஸ் பேரைச் சொன்னா மட்டும் "யாரு அது?"ன்னு கேக்குறாங்க. 2025 ஜூன்ல, 92 வயசுல அவரு இறந்தப்பகூட வேல்ஸ்லயும் ஓபரா ரசிகர்கள் வட்டத்துலயும் பேசினாங்க, வெளில பெருசா சத்தம் இல்ல. எனக்கு அது ரொம்ப வருத்தமா இருந்துச்சு, ஏன்னா மோட்சார்ட்ட அந்த மாதிரி பாடின டெனர் அந்தத் தலைமுறைல ரொம்பக் கொஞ்சம்.

அவரோட கதைல எல்லாரும் ஆச்சரியமா சொல்றது ஒண்ணு இருக்கு, முப்பது வயசு வரைக்கும் அவரு தொழில்முறைப் பாடகர் இல்ல, பள்ளிக்கூட வாத்தியார். மியூசிக் கான்சர்வேட்டரில சேர்ந்து படிச்சு வந்தவரும் இல்ல. "எப்படிங்க ஒரு ஸ்கூல் வாத்தியார் நேரா ஓபரா மேடைக்குப் போனாரு?"ன்னு கேக்குறது நியாயமான கேள்விதான். ஆனா அவரு பிறந்த ஊரையும் அந்த ஊர்ல பாட்டு எப்படிச் சொல்லிக்கொடுத்தாங்கங்கிறதையும் பார்த்தா, பயிற்சி இல்லாம வந்தவருன்னு சொல்ல முடியாது. சின்ன வயசுலேர்ந்து பயிற்சி நடந்துக்கிட்டேதான் இருந்துச்சு, அதுக்கு காலேஜ்னு பேர் வைக்கல, அவ்ளோதான்.

1933 பிப்ரவரி 7, தெற்கு வேல்ஸ்ல பான்டிப்ரீத் டவுனுக்குப் பக்கத்துல இருக்குற கில்வனித்ங்கிற சின்ன ஊருல பரோஸ் பிறந்தாரு. ஆல்பியன்னு ஒரு நிலக்கரிச் சுரங்கம் வந்ததாலதான் அந்த ஊரே வளர்ந்துச்சு, சுரங்கத்துக்கு முன்னாடி அங்க சில வீடுங்களும் வயலும்தான். 1894 ஜூன் 23 அன்னிக்கு அந்தச் சுரங்கத்துக்குள்ள வெடிச்சதுல 290 பேரு செத்தாங்க, ஆம்பளைங்களும் வேலைக்குப் போன சின்னப் பசங்களும். ஒரு சின்ன ஊருல 290 பேருன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க, ஒரு தெரு பாக்கி இருக்காது. வேல்ஸ் சுரங்க வரலாற்றுலயே ரொம்பப் பெரிய விபத்துகள்ல அது ஒண்ணு. பரோஸ் பிறக்கறப்ப அது நடந்து நாப்பது வருஷம்கூட ஆகல, அந்த ஞாபகம் உள்ள பெரியவங்க நிறைய பேரு ஊர்ல உயிரோட இருந்தாங்க.

அவரு பிறந்தது வில்லியம் ஸ்ட்ரீட்ல. அதே வில்லியம் ஸ்ட்ரீட்லதான் 1922ல கெரைன்ட் எவான்ஸ் பிறந்தாரு, பின்னாடி உலகம் முழுக்க ஃபால்ஸ்டாஃப், ஃபிகரோ, லெப்போரெல்லோ வேஷங்கள்ல கலக்கின பாரிடோன், அதாவது டெனருக்குக் கீழ வர்ற ஆண் குரல். லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா ஹவுஸ்ல முன்வரிசைப் பாடகர்கள் ரெண்டு பேரு, ஒரு சுரங்கத்து ஊரோட ஒரே தெருவுலேர்ந்து, பதினோரு வருஷ இடைவெளில. பின்னாடி பிரிட்டன் உள்துறை அமைச்சரா இருந்த மெர்லின் ரீஸும் கில்வனித்காரர்தான். வேல்ஸோட தேசிய கீதத்த 1856ல ஒரு அப்பாவும் மகனும் சேர்ந்து எழுதி மெட்டு போட்டதும் பக்கத்து பான்டிப்ரீத்லதான், அதே பக்கத்து ஊருக்காரருதான் பாப் பாடகர் டாம் ஜோன்ஸும். இதையெல்லாம் பார்த்துட்டு "அந்த மண்ணுல ஏதோ இருக்கு", "வெல்ஷ்காரங்க ரத்தத்துலயே பாட்டு இருக்கு"ன்னு சொல்றவங்க நிறைய. நான் அதை நம்பல. மண்ணும் இல்ல ரத்தமும் இல்ல, அங்க ஒரு ஏற்பாடு இருந்துச்சு. அது எப்படி வேலை செஞ்சதுன்னு பாக்கலாம்.

19ஆம் நூற்றாண்டு வேல்ஸ்ல சேப்பல்தான் எல்லாம். ஆங்கிலிக்கன் சர்ச்சோட ஒட்டாம தனியாப் போன மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், இண்டிபெண்டென்ட் சபைங்க கட்டின கோயில்கள அப்படித்தான் சொல்லுவாங்க. சுரங்க ஊர்ல ஒரு தெருவுக்கு ஒரு சேப்பல்னு இருந்துச்சு. அங்க பாட்டுங்கிறது ஒரு கோயர், அதாவது பாட்டுக் குழு, முன்னாடி நின்னு பாட மத்தவங்க உக்காந்து கேக்குற விஷயம் இல்ல, மொத்த சபையும் நாலு குரல்ல பாடும். பெண்கள்ல சொப்ரானோ, ஆல்ட்டோ, ஆண்கள்ல டெனர், பேஸ். நீங்க எங்க உக்காந்திருந்தாலும் உங்க குரலுக்கான வரிசைய நீங்க பாடணும், பக்கத்துல இருக்குறவரு வேற வரிசை பாடுவாரு.

இதுக்கு எல்லாருக்கும் ஸ்வரம் படிக்கத் தெரியணுமே, சுரங்கத் தொழிலாளிக்கு அஞ்சு கோட்டு நொட்டேஷன் யாரு சொல்லிக்கொடுக்குறது? இங்கதான் டானிக் சோல்ஃபா வருது. இங்கிலாந்துல சாரா குளோவர்ங்கிற அம்மா தொடங்கினத ஜான் கர்வென்ங்கிற பாதிரியார் செப்பனிட்டு பரப்பினாரு. 1860கள்ல எலியாசர் ராபர்ட்ஸ் அதை வெல்ஷ் மொழிக்குக் கொண்டுவந்தாரு. டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டி, இந்த ஏழையும் எந்த சுருதிலயும் வச்சுக்கலாம், டோ எங்க வைக்கிறீங்களோ அங்கேர்ந்து மீதி எல்லாம் கணக்கா வரும். நம்ம ஸட்ஜமம் பாடறவரோட சுருதிக்கு ஏத்த மாதிரி நகர்ற மாதிரியேதான், அதனால ஸரிகம தெரிஞ்சவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காகிதத்துல கோடு போட வேண்டியதில்ல, சாதாரண அச்சு எழுத்துலயே டி, ஆர், எம்னு அடிச்சுடலாம், அதனால பாட்டுத் தாள் ரொம்ப மலிவு. ஒரு தொழிலாளி குடும்பம் வாங்கி வீட்ல வச்சுக்கற விலை. ஹாண்டெலோட மெசையா முழுசும் சோல்ஃபால அச்சாச்சு, அதைப் பார்த்துப் பாடின சுரங்கக்காரங்க பல பேருக்கு அஞ்சு கோட்டு நொட்டேஷன் கடைசி வரைக்கும் தெரியாது.

1859ல ஜான் ராபர்ட்ஸ்னு ஒருத்தர், ஊருக்குள்ள இயான் குவிச்ட்னு புனைபேர்ல தெரிஞ்சவரு, ஒரு பாசுரத் தொகுப்பு போட்டாரு. அதே வருஷம் அபர்டேர் ஊர்ல பல சேப்பல்காரங்கள ஒண்ணா உக்கார வச்சு கமான்வா கனின்னு ஒரு பாட்டு விழா நடத்தினாரு. அதுலேர்ந்து அது வேல்ஸ் முழுக்கப் பரவுச்சு. மாசக்கணக்கா ஒவ்வொரு சேப்பலும் தனித்தனியா ஒத்திகை பார்க்கும், அப்புறம் ஒரு நாள் எல்லாரும் ஒரே இடத்துல கூடுவாங்க, வெளியூர்லேர்ந்து ஒரு கண்டக்டர் வருவாரு. அவரு நடுவுல நிறுத்துவாரு, "டெனர்ஸ், அந்த வரி இழுக்காதீங்க"ன்னு கண்டிப்பாரு, திருப்பிப் பாடச் சொல்வாரு. கடைசிச் சரணம் நல்லா வந்துட்டா விடமாட்டாங்க, திரும்பத் திரும்பப் பாடுவாங்க. ஒரு வாக்கியத்த அதோட முழு நீளத்துக்கும் அறுபடாம தாங்கறது எப்படி, எங்க மூச்சு எடுக்கணும், பக்கத்து குரல கேட்டுக்கிட்டே நம்ம குரல எப்படி நிறுத்தணும், இதெல்லாம் ஒரு பையன் பத்து வயசுக்குள்ள கத்துக்கிட்டா அவனுக்கு அது பாடம்னே தெரியாது.

அடுத்தது ஐஸ்டெத்வோட், அதாவது பாட்டு, கவிதை, ஓதல் எல்லாத்துக்கும் போட்டி. 1176ல கார்டிகன் கோட்டைல லார்ட் ரீஸ் நடத்தினத முதல்னு சொல்றாங்க, இப்ப நடக்குற மாதிரி தேசிய ஐஸ்டெத்வோட் 1861லேர்ந்து. ஆனா உண்மையான அஸ்திவாரம் அந்தப் பெரிய விழா இல்ல, சேப்பல் மண்டபத்துல நடந்த சின்னச் சின்னப் போட்டிங்கதான். அஞ்சு வயசுக் குழந்தை மேடை ஏறிப் பாடும், ஜெயிச்சா சின்ன துணிப்பைல சில்லறை போட்டு, நாடாவோட கழுத்துல மாட்டி விடுவாங்க. கூட்டம் எல்லாம் தெரிஞ்ச முகம், நடுவர் மட்டும் வெளியூரு, அவரு எல்லார் முன்னாடியும் குறை நிறை சொல்லுவாரு. மேடை பயம்ங்கிறது அந்தப் பசங்களுக்கு பல்லு விழுற வயசுலயே போயிடும்.

சுரங்க ஊர்களோட பெரிய பெரிய கோயர்கள் வேற இருந்துச்சு, அது தனி உலகம். கராடாக்ங்கிற பேர்ல எல்லாரும் அறிஞ்ச கிரிஃபித் ரீஸ் ஜோன்ஸ் தொழில்ல கொல்லரு. அவரு தெற்கு வேல்ஸ்லேர்ந்து ஆண்களும் பெண்களுமா சில நூறு பேரு உள்ள கோயர ரயில்ல கூட்டிக்கிட்டு லண்டன் கிரிஸ்டல் பேலஸ் போட்டிக்குப் போயி 1872லயும் 1873லயும் ஜெயிச்சுட்டு வந்தாரு. அபர்டேர் நடுச்சந்தில இன்னிக்கும் அவருக்கு சிலை நிக்குது, கைல கண்டக்டர் குச்சியோட. ஒரு கொல்லருக்கு ஊர் நடுவுல பாட்டுக்காக சிலை வைக்கிற சமூகம்னா அங்க பாட்டுக்கு என்ன மரியாதைன்னு தனியா சொல்ல வேண்டாம்.

இந்த ஏற்பாட்டுல வளர்ந்த பையன்தான் பரோஸ். படிச்சது கார்மார்தன் டிரினிட்டி காலேஜ், ஆசிரியர் பயிற்சி. அப்புறம் பார்காய்ட்ல வாத்தியார் வேலை. ரக்பி நல்லா ஆடுவாரு, லீட்ஸ் ரக்பி லீக் கிளப் காசு கொடுத்து ஒப்பந்தம் போடக் கூப்பிட்டாங்க, இவரு போகல. சுரங்க ஊர்ல பிறந்த ஒரு பையனுக்கு அந்தக் காலத்துல ரக்பி லீக் காசுங்கிறது சின்ன விஷயம் இல்ல, வேல்ஸ்ல யூனியன் ரக்பி காசில்லாம ஆடறது, வடக்கு இங்கிலாந்துக்குப் போனா காசு, அதனால எத்தனையோ பேரு போனாங்க. 1959ல தேசிய ஐஸ்டெத்வோட்ல ப்ளூ ரிபாண்ட் ஜெயிச்சாரு, தனிப்பாடகருக்கு அங்க கிடைக்கற உச்சப் பரிசு அதுதான். அப்ப வயசு 26. அதுக்கப்புறமும் உடனே வேலைய விட்டுட்டு ஓடல, பள்ளிக்கூடத்துலேர்ந்து ஓபரா மேடைக்குப் போக இன்னும் நாலு வருஷம் ஆச்சு.

அந்த நாலு வருஷத்த சிலர் தயக்கம்னு எழுதறாங்க, எனக்கு அது அதிர்ஷ்டம்னுதான் தோணுது. டெனர் குரல் முழுசா உக்கார நேரம் எடுக்கும். இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு வயசுல பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு மேல கத்த ஆரம்பிச்ச எத்தனையோ நல்ல குரல்கள் முப்பத்தஞ்சுல முடிஞ்சு போயிருக்கு. இவரு அந்த வயசுல பசங்களுக்குப் பாடம் நடத்திக்கிட்டு, சாயந்திரம் சேப்பல்லயும் கச்சேரிலயும் அளவாப் பாடிக்கிட்டு இருந்தாரு. முப்பதுல மேடைக்கு வந்தப்ப குரல் புதுசாவே இருந்துச்சு.

1963ல வெல்ஷ் நேஷனல் ஓபராவுல முதல் மேடை, வெர்டியோட நபுக்கோவுல இஸ்மாயேலே வேஷம். இந்த கம்பெனி பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். 1946ல கார்டிஃப்ல முதல் நிகழ்ச்சி நடத்தினப்ப அதோட கோரஸ்ல இருந்தவங்க எல்லாம் அமெச்சூர், சுரங்கத் தொழிலாளி, கடைல வேலை பாக்குறவங்க, டீச்சருங்க. பகல்ல வேலை, ராத்திரி ஒத்திகை. 1952ல இவங்க நபுக்கோ போட்டப்ப பிரிட்டன்ல அந்த ஓபராவ யாரும் கண்டுக்கறதே இல்ல. அதுல அடிமைப்பட்ட எபிரேயர்கள் பாடற கோரஸ் ஒண்ணு வரும், கமான்வா கனில வளர்ந்த அந்த நூறு தொண்டைங்க அதைப் பாடினதக் கேட்டு லண்டன் விமர்சகர்கள் மிரண்டுட்டாங்க, கம்பெனிக்கு பேரே அந்த கோரஸாலதான் வந்துச்சு. பரோஸ் முதல் வேஷம் கட்டினது அதே ஓபராவுல, பின்னாடி அதே மாதிரி ஆளுங்க நிக்கிற மேடைலங்கிறது எனக்கு ரொம்பப் பொருத்தமா படுது.

அங்கேர்ந்து வேகம்தான். 1960கள் நடுவுல ஸ்ட்ராவின்ஸ்கியோட ஈடிபஸ் ரெக்ஸ்ல முக்கிய வேஷத்துக்கு ஏதென்ஸ் போனாரு. 1967ல கோவென்ட் கார்டன்ல பாலியாச்சில பெப்பே, அதே வருஷம் சான் ஃபிரான்சிஸ்கோவுல மோட்சார்ட்டோட மேஜிக் ஃப்ளூட் ஓபராவுல டமினோ. 1970ல வியன்னா, 1971ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுல, மோட்சார்ட்டோட டான் ஜொவான்னில டான் ஒட்டாவியோ. எட்டு வருஷத்துல ஒரு ஸ்கூல் வாத்தியார் மெட்ல நிக்கிறாரு.

மோட்சார்ட்தான் இவரோட வீடு. இவரோட திறமைய வேற எதுலயும் இவ்ளோ கிட்டத்துல பார்க்க முடியாது, அதனால இங்க கொஞ்சம் நின்னு பேசறேன்.

டெனர் குரல் மேல போறப்ப ஈ, எஃப், ஜி ஸ்வரங்கள் பக்கத்துல ஒரு திருப்பம் வரும், நெஞ்சுக் குரல்லேர்ந்து தலைக் குரல் பக்கம் சாயற இடம். அந்த இடத்துல சத்தமா அழுத்தினா குரல் கத்தலா மாறும், ரொம்ப மெலிசாக்கினா பொய்க்குரல் ஆயிடும். பின்னாடி வந்த இத்தாலிய ஓபராக்கள்ல அந்த இடத்த வேகமா தாண்டி மேல ஒரு பெரிய ஸ்வரத்த அடிச்சுட்டா கைதட்டு வந்துடும். மோட்சார்ட் அப்படி விடமாட்டாரு, டெனர அந்தத் திருப்பத்துலயே உக்கார வச்சு மெதுவா, மெல்லிசா, நீளமா பாடச் சொல்லுவாரு. டமினோ பாமினாங்கிற பொண்ணோட படத்தப் பார்த்து பாடற முதல் ஆரியாவ, அதாவது தனிப்பாட்ட, எடுத்துக்கங்க. தொடக்கத்துலயே கீழ பி ஃப்ளாட்லேர்ந்து ஒரே தாவுல மேல ஜிக்கு போகணும், போயி அங்கேர்ந்து படிப்படியா இறங்கணும். உச்ச ஸ்வரம் ஏ ஃப்ளாட்தான், ஹை சி எல்லாம் கிடையாது, கேக்கறவங்களுக்கு சுலபமா தெரியும். பாடறவங்களுக்கு அது பரீட்சை. 1969ல வியன்னா பில்ஹார்மோனிக்கோட சோல்டி பண்ணின டெக்கா பதிவுல பரோஸ்தான் டமினோ. அந்தத் தாவல் எப்படி இருக்குன்னு கேளுங்க, கீழ ஸ்வரமும் மேல ஸ்வரமும் ஒரே நிறத்துல இருக்கும், நடுவுல எந்த இடிப்பும் இருக்காது. சேப்பல்ல பாசுர வரிய அறுபடாம இழுத்துப் பழகின தொண்டைதான் அது, எனக்கு சந்தேகமே இல்ல.

அப்புறம் டான் ஒட்டாவியோ. இந்த வேஷத்த நிறைய பேருக்குப் பிடிக்காது. காதலியோட அப்பாவ ஒருத்தன் கொன்னுட்டான், இவன் பழிவாங்குவேன் பழிவாங்குவேன்னு சொல்லிக்கிட்டே இருப்பான், ஒண்ணும் செய்யமாட்டான், நடுவுல ரெண்டு ஆரியா பாடுவான். சரியா பாடலேன்னா மேடைல ஒரு கம்பம் மாதிரி நிப்பான். ஆனா அந்த ரெண்டாவது ஆரியா இருக்கே, இல் மியோ தெசோரோ, அதுல ஒரு எஃப் ஸ்வரத்த நீளமா பிடிச்சுட்டு அப்படியே நிக்காம வேகமான ஸ்வரக்கோர்வைக்குள்ள இறங்கணும். அயர்லாந்து டெனர் ஜான் மெக்கார்மக் 1916ல பண்ணின பதிவுல அந்தப் பகுதிய ஒரே மூச்சுல பாடிட்டாரு, அதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எந்த டெனர் பாடினாலும் மக்கள் அங்க மூச்ச எண்ணுறாங்க. பரோஸ் இதுல பேர் வாங்கினவரு. ஆனா எனக்கு மூச்சு நீளம் பெருசில்ல, அந்த ஓட்டத்துல ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியா காதுல கேக்குது, அதே சமயம் வரி அறுபடல, அந்த ரெண்டும் ஒண்ணா வர்றதுதான் கஷ்டம். அவரோட ஒட்டாவியோ கோழை மாதிரி கேக்காது, சட்டப்படி நியாயம் தேடுற ஒரு கண்ணியமான ஆளு மாதிரி கேக்கும். காலின் டேவிஸோட 1973 பதிவுல கிரி தே கனாவா, மிரெல்லா ஃபிரேனி, மார்ட்டினா அரோயோ எல்லாரும் சுத்தி நிக்கிறப்பவும் இவரு குரல் மங்கல.

இங்க ஒரு சுவாரசியமான வரலாற்றுத் தொடர்பு இருக்கு. 1787ல ப்ராக்ல டான் ஜொவான்னி முதல் தடவ அரங்கேறினப்ப ஒட்டாவியோவா பாடினது அந்தோனியோ பாலியோனிங்கிற டெனர். அடுத்த வருஷம் வியன்னாவுல வேற டெனர், ஃபிரான்செஸ்கோ மொரெல்லா. அவருக்கு இல் மியோ தெசோரோ சரிப்படல, அவருக்காக மோட்சார்ட் தல்லா சுவா பாச்சேன்னு வேற ஒரு ஆரியா எழுதிக் கொடுத்தாரு. இப்ப நடக்குற நிகழ்ச்சிகள்ல ரெண்டையும் சேர்த்தே பாடறாங்க, அதாவது ரெண்டு வேற வேற தொண்டைக்கு அளவெடுத்துத் தைச்ச ஆரியாக்கள இன்னிக்கு ஒரே ஆளு பாடணும். 1791ல மோட்சார்ட் மறுபடியும் ப்ராக்குக்கு லா கிளெமென்சா தி தீட்டோ எழுதினப்ப அரசன் தீட்டோ வேஷத்த கட்டினது அதே பாலியோனிதான். பரோஸ் 1976ல ஜானெட் பேக்கர், யுவோன் மின்டன், லூசியா பாப், ஃபிரெடெரிகா ஃபான் ஸ்டாடேயோட டேவிஸ் பதிவுல தீட்டோ பாடியிருக்காரு. ஒட்டாவியோவையும் தீட்டோவையும் அடுத்தடுத்து கேட்டா மோட்சார்ட் மனசுல வச்சு எழுதின அந்த டெனர் குரல் எப்படி இருந்திருக்கும்னு நமக்கு ஒரு பிடி கிடைக்கும். நீளமான மூச்சு, வேகமான ஓட்டத்துக்குத் தயாரா இருக்குற தொண்டை, எப்பவும் கோபத்துல கத்தாத கண்ணியம். இது மூணும் பரோஸ்கிட்ட இருந்துச்சு.

டேவிஸோட இன்னொரு மோட்சார்ட், 1978ல வந்த அந்தஃப்யூருங், அதுல பரோஸ் கதாநாயகன் பெல்மோன்டே, வேலைக்காரன் பெட்ரில்லோ வேஷத்துல ராபர்ட் டியர். டியரும் வெல்ஷ்காரரு, 1939ல பாரி ஊர்ல பிறந்தவரு, ஆனா கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் கோயர் வழியா வந்தவரு, அதனால குரல் கட்டுமானமே வேற, கூர்மையா, வார்த்தைய கடிச்சுப் பாடுவாரு. ஒரே சின்ன நாட்டுலேர்ந்து ரெண்டு டெனர் எவ்ளோ வேற மாதிரி இருக்கலாம்னு ஒரே பதிவுல கேக்கலாம். அவங்களுக்கு அடுத்து 1943ல பிறந்த ரைலண்ட் டேவிஸும் மோட்சார்ட்டுக்கே பேர் போனவரு, எப்பு வேல் பக்கத்துல க்வம்ங்கிற சுரங்க ஊர்க்காரரு. பாருங்க, மறுபடியும் சுரங்க ஊரு.

மோட்சார்ட்டுக்கு வெளியவும் அவரு நிறைய பாடினாரு, எல்லாத்தையும் சொல்லப்போறதில்ல. அமெரிக்க சொப்ரானோ பெவர்லி சில்ஸோட தோனிசெட்டி ஓபராக்கள் மரியா ஸ்டுவார்டா, அன்னா பொலேனா, அப்புறம் ஒஃபென்பாக்கோட ஹாஃப்மன், எல்லாம் 1970கள் தொடக்கத்துல பதிவாச்சு. டிப்பெட்டோட மிட்சம்மர் மேரேஜ் மாதிரி நவீன இங்கிலீஷ் ஓபராவுலயும் பாடினாரு. ஆனா ரெண்டு விஷயத்த விட முடியாது.

ஒண்ணு சோல்டி நடத்தின யூஜின் ஒனேகின், சைகோவ்ஸ்கியோட ஓபரா, 1974 பதிவு, அதுல பரோஸ் லென்ஸ்கி. லென்ஸ்கி ஒரு இளம் கவிஞன், விடியக்காலைல நண்பனோடயே துப்பாக்கிச் சண்டைக்கு நிக்கிறான், சாவுக்கு முன்னாடி ஒரு ஆரியா. ரஷ்யப் பாடகர்கள் இதை அழுகையோட பாடற வழக்கம் இருக்கு, நல்லாவும் இருக்கும். பரோஸ் அழமாட்டாரு. குரலை ஒரே கோட்டுல வச்சு, சத்தத்த மட்டும் ஏத்தி இறக்கிப் பாடுவாரு, அதனால கேக்கறவங்கதான் அழணும். பின்னாடி 1988ல இந்தப் பதிவ வச்சு பெட்ர் வைக்ல் ஒரு படம் எடுத்தாரு, செக்கோஸ்லோவாக்கிய நடிகர்கள் வாயசைச்சாங்க. ஆக பரோஸ் ஒரு படத்துக்குப் பின்னணிப் பாடகரும்தான்.

ரெண்டு, பெர்லியோஸோட ரெக்வியெம், அதாவது இறந்தவங்களுக்கான பிரார்த்தனை இசை. 1837ல பாரிஸ் இன்வாலிட் சர்ச்சுல முதல் தடவ பாடப்பட்ட இசை. 1975ல அதே இன்வாலிட்ல பெர்ன்ஸ்டைன் அதை நடத்தினாரு, படமாவும் எடுத்தாங்க. மாபெரும் கோயர், நாலு மூலைல பித்தளை வாத்தியக் குழுக்கள், டிம்பனி முரசோட இடி, எல்லாம் இருக்கு, ஆனா தனிப்பாடகர் ஒரே ஒருத்தர்தான், அதுவும் ஒரே ஒரு பகுதிக்கு, சாங்க்டஸ். அதுவரைக்கும் டெனர் சும்மா காத்திருக்கணும். அப்புறம் குளிர்ந்து போன தொண்டையோட எழுந்து, கிட்டத்தட்ட துணையே இல்லாம, மேல பி ஃப்ளாட் வரைக்கும் மெல்லிசா போகணும், பெண்கள் குரல் பதில் சொல்லும். வீடியோவுல அவரைப் பார்த்தா கழுத்து நரம்பு புடைக்கல, வாய் பெருசா பிளக்கல, தோள் தூக்கல. கண்ண மூடிக்கிட்டு கேட்டா அந்தக் கஷ்டம் தெரியவே தெரியாது, கண்ண திறந்து பார்த்தாலும் தெரியாது.

இவ்ளோ இருந்தும் ஏன் பேர் பரவல? என் கணிப்பு என்னன்னா, அவரு கடைசி வரைக்கும் தன் குரலோட அளவுக்குள்ளயே நின்னாரு. 1970கள்லேர்ந்து டெனர்னா மேல சி, பெரிய சத்தம், அப்புறம் ஸ்டேடியம்னு உலகம் போயிடுச்சு. மோட்சார்ட் டெனருக்கு ஸ்டேடியம் கிடையாது. ஒட்டாவியோ ஆரியா முடிஞ்சா மக்கள் ரசிச்சுக் கைதட்டுவாங்க, நாற்காலிய உடைக்க மாட்டாங்க. கனமான வேஷங்கள் எடுத்திருந்தா இன்னும் பேர் வந்திருக்கலாம், குரல் போயிருக்கும். அவரு நடிப்பு கொஞ்சம் விறைப்புன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுல உண்மை இருக்கு, அவரு உடம்பால நடிக்கிற ஆளு இல்ல. கெரைன்ட் எவான்ஸ் முகத்த ஒரு சுளிப்பு சுளிச்சா மூணாவது மாடில இருக்குறவன் சிரிப்பான், இவருகிட்ட அது கிடையாது. எல்லாம் வரிக்குள்ள இருக்கும், அங்கதான் தேடணும்.

பிரிட்டன்ல சாதாரண மக்களுக்கு அவரைத் தெரிய வச்சது டிவிதான். 1978லேர்ந்து 1985 வரைக்கும் பிபிசில அவரு பேர்லயே ஒரு பாட்டு நிகழ்ச்சி ஓடுச்சு. விக்டோரியா காலத்து வரவேற்பறைப் பாட்டுகள், பாசுரங்கள், வெல்ஷ் பாட்டுகள்னு பாடினாரு. ஓபரா பண்டிதர்கள் சிலர் இதை இறங்கி வந்து செய்ற வேலைன்னு நினைச்சாங்க, ஜான் கான்ஸ்டபிள் பியானோவோட அவரு பதிவு பண்ணின அந்தப் பழைய பாலட்கள கேட்டா அப்படிச் சொல்லத் தோணாது. மோட்சார்ட்டுக்கு எடுத்த அதே அக்கறை, அதே மூச்சுக் கணக்கு. அவரு வளர்ந்த சூழல்ல நல்ல பாட்டு, மட்டமான பாட்டுன்னு சாதி பிரிக்கல, ஒரு சேப்பல் கச்சேரில ஹாண்டெலுக்கு அடுத்து கண்ணீர் பாலட் வரும், ரெண்டுக்கும் அதே கூட்டம் அமைதியா கேக்கும்.

கடைசி வரைக்கும் அவரு வேல்ஸ்காரராவே இருந்தாரு. 2007ல ஓபிஇங்கிற பிரிட்டிஷ் அரச விருது கொடுத்தாங்க. கார்மார்தன்ல அவரு பேர்ல இளம் பாடகர்களுக்கு ஒரு சர்வதேசப் போட்டியும் நடந்துச்சு. அவரு பாட வந்த பாதை மட்டும் இப்ப இல்ல. ஆல்பியன் சுரங்கம் 1966லயே மூடியாச்சு, அதாவது அவரு ஓபராவுக்கு வந்த மூணே வருஷத்துல. சேப்பல்கள் பல பூட்டிக் கிடக்கு, சிலது குடியிருப்பா மாறிடுச்சு. வெல்ஷ் நேஷனல் ஓபரா கோரஸ் 1970கள்லயே முழுநேரத் தொழில்முறைப் பாடகர்களுக்கு மாறிடுச்சு. இப்ப வேல்ஸ்ல பாட வர்ற பிள்ளைங்களுக்கு கார்டிஃப்ல ராயல் வெல்ஷ் காலேஜ் இருக்கு, 1983லேர்ந்து கார்டிஃப் சிங்கர் ஆஃப் தி வேர்ல்டுன்னு உலகப் போட்டி இருக்கு. திறமை குறையல, ஆனா காசு கட்டிப் படிச்சு வர்ற வழி அது. சுரங்கக்காரன் வீட்டுப் பையன் ஒரு பைசா செலவில்லாம பதினஞ்சு வருஷம் நாலு குரல் பாட்டு கத்துக்கிட்ட அந்த ஏற்பாட்டுக்கு சமமா எதையும் எந்த அரசாங்கமும் இன்னும் கட்டல, அதுதான் எனக்கு ஆதங்கம்.

அவரைக் கேட்டதே இல்லன்னா முழு ஓபராவுல தொடங்காதீங்க. முதல்ல பெர்லியோஸ் சாங்க்டஸ் வீடியோ, பத்து நிமிஷம்தான். அப்புறம் லென்ஸ்கி ஆரியா. அதுக்கப்புறம் டமினோ, முடிஞ்சா வார்த்தை அர்த்தத்த ஒரு தடவ படிச்சுட்டு. ஒட்டாவியோவ கடைசில வச்சுக்கங்க, மெக்கார்மக்கோட 1916 பதிவையும் பக்கத்துல வச்சு மாறி மாறி கேளுங்க, எது பெருசுன்னு சண்டை போட வேண்டியதில்ல, மூச்சு எங்க எடுக்குறாங்கன்னு மட்டும் கவனிங்க.